வடசென்னையில் கார்த்திகைத் தீயும் கல்லறைத் திருநாளும்

ஐப்பசியும் கார்த்திகையும் பழந்தமிழர் கூதிர் என்று வகுத்த பருவம். இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் வடசென்னைக் கரையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதங்களும் இவையே. மறைந்தவர்களை நினைக்கும் நாளும் தீ வளர்க்கும் நாளும் இந்த மழைக்குள்தான் அடுத்தடுத்து வருகின்றன.

புரட்டாசியில் மகாளய அமாவாசைத் தர்ப்பணத்தோடு இந்த நினைவுக்காலம் தொடங்குகிறது. தீபாவளியை ஒட்டி, இறந்தவர்களுக்குப் புதுத்துணி வைத்துப் படைக்கும் வழக்கமும் பல குடும்பங்களில் உண்டு.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். ஐரோப்பாவில் குளூனி மடத்தின் தலைவர் ஓடிலோ ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நிலைபெறச் செய்த நாள் இது. காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் அது வடசென்னைக்கே உரிய கோலம் கொள்கிறது. முன்கூட்டியே வந்து புல் செதுக்கி, கல்லைக் கழுவி, சிலுவைக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். அன்றைக்குச் சாமந்தி மாலையும் ஊதுவத்தியும் வருகின்றன. குருவானவர் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கிறார். கடற்காற்றில் மெழுகுவத்தி நிற்காது என்பதால் மண்ணைக் குவித்து நடுவில் ஊன்றுகிறார்கள். இறந்தவருக்குப் பிடித்த பலகாரத்தைக் கல்லறைமேல் வைப்பவர்களும் உண்டு. துறைமுகம் வருமுன் மசூலாப் படகுகளில் கப்பல் சரக்கைக் கரைசேர்த்த படகோட்டிகள், 1820களில் இராயபுரத்தில் புனித இராயப்பர் ஆலயத்தை எழுப்பினார்கள். அவ்வளவு பழைய கிறிஸ்தவ வாழ்வு இந்தக் கரையுடையது.

அடுத்து கார்த்திகைப் பௌர்ணமி. திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலில் புற்று வடிவான ஆதிபுரீசுவரர் ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் இருப்பார். அந்தப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் களைந்து, புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவார்கள். விளக்குக்காகவே வாழ்ந்த ஒருவரின் ஊரும் இதுதான். எண்ணெய் வணிகரான கலிய நாயனார் செல்வம் இழந்து, கோயில் விளக்குக்கு எண்ணெய் கிடைக்காதபோது தம் கழுத்தை அரிந்து குருதியால் அகலை நிரப்பத் துணிந்தார் என்கிறது பெரியபுராணம்.

கார்த்திகை விளக்கு அகநானூறு 141ஆம் பாட்டிலேயே இருக்கிறது. மயிலாப்பூரில் இறந்த பூம்பாவையை நோக்கிப் பாடிய சம்பந்தர், அவள் காணாமல் போகும் விழாக்களுள் கார்த்திகை விளக்கீட்டையும் சொல்கிறார். இறந்த பெண்ணை அழைக்கும் பாட்டில் இந்த விளக்கு இடம்பெற்றிருப்பது மனத்தைத் தொடுகிறது.

கோயில் வாசலில் எரியும் பெருந்தீக்குச் சொக்கப்பனை என்று பெயர். பனந்துண்டை நட்டு, காய்ந்த ஓலையை உச்சிவரை சுற்றிக் கட்டுவார்கள். தீபாராதனை முடிந்ததும் கொளுத்தினால் சடசடவென்று ஆளுயரத்துக்கு மேல் எழும். சிவன் தீத்தூணாக நின்ற கதையின் காட்சி இது. பெருமாள் கோயில்களிலும் நடப்பதுண்டு. சாம்பலை நெற்றியில் இடுவார்கள், எரிந்து மிஞ்சிய துண்டை வயலுக்குக் கொண்டுபோவார்கள்.

பிள்ளைகளுக்கு மாவளி. ஆண்பனையின் பூவைக் காயவைத்து, குழியில் மூட்டம் போட்டுக் கரியாக்கி, இடித்து, துணியில் இறுகச் சுருட்டுவார்கள். பிளந்த பனைமட்டைகளுக்கு நடுவே அதைக் கட்டி, கயிறு பூட்டி, கங்கு வைத்துச் சுழற்றினால் பொறிகள் வட்டமாகச் சிதறும். கடைப் பட்டாசு எதுவும் இதற்கு ஈடாகாது.

சொக்கப்பனை, மாவளி இரண்டுக்கும் மூலப்பொருள் பனை. மணலியில் 1969இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், எண்ணூரில் 1970இல் அனல்மின் நிலையமும் இயங்கத் தொடங்கின, சுற்றுவட்டாரம் தொழிற்பேட்டையாகி, பனைக்கும் தீக்கும் இடம் சுருங்கியது. மின்கம்பிகள் நெருங்கிய தெருவில் பெருந்தீ வளர்க்க இடமில்லை; வாசல் அகல் விளக்கே மிச்சம். பனை தமிழகத்தின் மாநில மரம். ஆட்சியர் அனுமதியின்றி அதை வெட்டக்கூடாது என்று 2021இல் அரசு அறிவித்தது. வெட்டாமல் காப்பது மட்டும் போதாது. எண்ணூர்க் கழிமுகக் கரையில் இடம் இருக்கும்போதே பனங்கொட்டை ஊன்றும் வேலையைக் கோயில்களும் ஊர்மக்களும் கையில் எடுக்க வேண்டும்.