பெயர் போட்டு வந்த புகார்கள்

ஆண்டுதோறும் உலக ஊழல் பட்டியல் வந்ததும் நம் பேட்ச் நண்பர்களுக்குள் ஒரு வாக்குவாதம் தவறாமல் நடக்கும். எந்த நாடு எத்தனாவது இடம் என்று! பெர்லினில் உள்ள டிரான்ஸ்பரன்சி இண்டர்நேஷனல் 1995ல் 41 நாடுகளோடு தொடங்கிய பட்டியல் அது. அது லஞ்சத்தை எண்ணுவதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தொழிலதிபர்களும் நிபுணர்களும் என்ன நினைக்கிறார்கள் என்பதைத்தான் அளக்கிறது. ரேஷன் கடை வரிசையில் நிற்பவரை அதற்காக யாரும் கேட்பதில்லை. எஞ்சினியர் புத்தி சும்மா இருக்குமா? மீட்டர் எதைக் காட்டுகிறது என்று தெரியாமல் ரீடிங்கை எப்படி நம்புவது? சரி, ஜனங்களுக்கு அந்த எண்ணம் எப்படி வருகிறது, எப்படி மாறுகிறது என்று தேடிப் படித்ததில் மனதில் நின்றது ஹாங்காங்கின் கதை.

1960களில், பிரிட்டிஷ் ஆட்சியில், அங்கே லஞ்சத்துக்கு 'தேநீர்க் காசு' என்று பெயர். ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்க ஆயாவுக்குக் காசு. வீடு பற்றி எரியும்போது குழாயைத் திறக்கத் தீயணைப்பு வீரருக்குக் காசு! போலீஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பஸ்ஸில் ஏறிக்கொள், இல்லையென்றால் பக்கத்தில் ஓடிவா, முன்னால் மட்டும் நிற்காதே என்பது அவர்களுக்குள் வழங்கிய பேச்சு. புகார் செய்யலாமே என்கிறீர்களா? எங்கே செய்வது? லஞ்ச ஒழிப்புப் பிரிவு இருந்ததே போலீஸ் இலாகாவுக்குள்தான். திருடன் கையில் சாவியைக் கொடுத்த கதை.

1973 ஜூனில் பீட்டர் காட்பர் என்ற போலீஸ் உயர் அதிகாரியிடம் சொத்துக்குக் கணக்குக் கேட்டார்கள். அவரிடம் இருந்தது 43 லட்சம் ஹாங்காங் டாலர். மனிதர் விமான நிலையத்தில் போலீஸ் பாஸைக் காட்டி நுழைந்து இங்கிலாந்துக்குப் பறந்துவிட்டார். ஊரே கொதித்தது. விக்டோரியா பூங்காவில் கூட்டம் கூடி, காட்பரைப் பிடி என்று முழங்கியது. மாணவத் தம்பி தங்கைகளே, அதில் முன்னால் நின்றது உங்களைப் போன்றவர்கள்தான்.

1974 பிப்ரவரியில் ஐ.சி.ஏ.சி. என்ற தனி ஆணையம் பிறந்தது. போலீஸுக்கு வெளியே, ஆளுநருக்கு மட்டுமே பதில் சொல்லும் அமைப்பு. 1975 ஜனவரியில் காட்பரைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். நான்கு ஆண்டு சிறை. எவ்வளவு பெரிய ஆள், அதுவும் வெள்ளைக்கார அதிகாரி! எத்தனை சுவரொட்டி ஒட்டினாலும் வராத நம்பிக்கை இந்த ஒரு வழக்கில் வந்தது என்பது என் அபிப்பிராயம்.

ஆணையத்துக்கு முதல் ஆண்டிலேயே மூவாயிரத்துக்கும் மேல் புகார்கள். வெளியூர்க்காரர் பார்த்தால் ஊழல் திடீரென்று பெருகிவிட்டது என்றுதான் நினைப்பார். உண்மையில் லஞ்சம் பழையதுதான், சொன்னால் நடக்கும் என்ற நினைப்புதான் புதிது. பேப்பரில் கைதுச் செய்தி அதிகமாக வரும் நாட்டில் ஊழலும் அதிகம் என்று நாம் போடும் கணக்கு இங்கேதான் உதைக்கிறது.

எல்லாம் நேர்கோட்டில் போய்விடவில்லை. 1977 அக்டோபரில் போலீஸ்காரர்களே கலகம் செய்து ஆணைய அலுவலகத்துக்குள் புகுந்து தாக்கினார்கள். ஆளுநர் மெக்லஹோஸ் இறங்கி வந்து, 1977க்கு முந்தைய குற்றங்களில் பெரும்பாலானவற்றுக்கு மன்னிப்பு அறிவித்தார். வேறு வழியில்லை என்பார்கள். எனக்கு இன்னும் ஜீரணிக்கவில்லை.

1995ன் முதல் பட்டியலில் ஹாங்காங்குக்கு 17வது இடம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அந்த ஆணையத்துக்கு வந்த தபால். ஆரம்பத்தில் பெரும்பாலும் மொட்டைக் கடிதங்கள். போகப் போக, பெயரைச் சொல்லிக் கொடுத்த புகார்களே அதிகமாயின.