பனி வண்டியின் கதை

பனி என்றால் நமக்கு மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும் ஈரம். மிஞ்சிப்போனால் ஜனவரியில் ஊட்டி புல்வெளி வெளுத்துக் கிடப்பது. ஆள் உயரத்துக்கு விழுந்து, வீட்டுக் கதவைத் திறக்கவிடாமல் செய்யும் பனியைப் பிள்ளைகளைப் பார்க்கக் கனடா, அமெரிக்கா போய்வந்தவர்கள்தான் கண்டிருப்பார்கள். அந்தப் பனிமேல் ஓடுவதற்கென்றே ஒரு வண்டி இருக்கிறது. முன்னால் இரண்டு சறுக்குப் பலகைகள், பின்னால் அகலமான ரப்பர் பட்டை, மேலே மோட்டார் சைக்கிள் மாதிரி இருக்கை. பெயர் ஸ்னோமொபைல். காஷ்மீரில் குல்மார்க் போனவர்கள் காசு கொடுத்து ஒரு சுற்று வந்திருப்பீர்கள். இன்றைக்குப் பார்த்தால் வசதி படைத்தவர்களின் விளையாட்டுச் சாமான் போலத் தெரியும். அது பிறந்த கதை வேறு.

கனடாவில் கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்று ஒரு சிற்றூர். பிரெஞ்சு பேசும் விவசாயக் குடும்பங்கள். அங்கே 1907-இல் பிறந்தவர் ஜோசப் அர்மான் பம்பார்டியர். பெயர் எங்கோ கேட்டதுபோல் இருக்கிறதல்லவா? டெல்லி மெட்ரோ ரயில் பெட்டிகளைச் செய்துகொடுத்த பம்பார்டியர் கம்பெனிக்கு மூலபுருஷர் இவர்தான்.

பதினைந்து வயதில், அப்பா கொடுத்த பழைய ஃபோர்டு மாடல் டி எஞ்சினை ஒரு சறுக்கு வண்டியில் ஏற்றி, பின்னால் விமானத்துக்கு இருப்பதுபோல மரத்தில் விசிறி செய்து மாட்டி, தம்பியோடு தெருவில் ஓட்டிக் காட்டினார். பாதுகாப்பில்லாத அந்த விசிறியைப் பார்த்துப் பதறிய தகப்பனார், உடனே கழற்றிப் போடச் சொன்னார். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். பத்தொன்பது வயதில் பையன் சொந்தமாகக் கராஜ் வைத்தார். கோடையில் கார் ரிப்பேர், குளிர்காலத்தில் பனி வண்டிப் பரிசோதனை.

அந்த நாளில் கியூபெக் கிராமங்களில் குளிர்காலம் வந்தால் காரை ஓரங்கட்டிவிட வேண்டியதுதான். சாலைப் பனியை யாரும் வாரமாட்டார்கள். குதிரை பூட்டிய சறுக்கு வண்டி ஒன்றே கதி. 1934 ஜனவரியில் பம்பார்டியரின் இரண்டு வயது மகன் இவானுக்குக் குடல்வால் முற்றி, வயிற்றுக்குள் சீழ் பரவியது. ஆஸ்பத்திரி ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் ஷெர்புரூக் நகரத்தில். வழியெல்லாம் பனி. ஊரிலேயே வண்டிகளைப் பற்றி எல்லாம் தெரிந்த மனிதருக்குத் தன் பிள்ளையைக் கொண்டுபோக ஒரு வண்டி இல்லை. குழந்தை இறந்துவிட்டது.

மகன் போன துயரத்தில்தான் பனி வண்டியைக் கண்டுபிடித்தார் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சரியல்ல. அதற்குப் பல வருடம் முன்பிருந்தே அவர் அதில் மூழ்கிக் கிடந்தவர். அவருக்கு முன்பே வேறு சிலரும் முயன்றிருந்தார்கள். ரஷ்ய ஜார் மன்னரின் கார்களுக்கு அடோல்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுக்காரர் பட்டை மாட்டியிருந்தார். அமெரிக்காவில் விஸ்கான்சினில் கார்ல் எலியாசன் என்பவர் 1924-இல் படகு எஞ்சினை வைத்து ஒரு சறுக்கு வண்டி செய்தார். எவருக்கும் பிடிபடாமல் இருந்தது, ஆழமான புதுப்பனி.

அது என்ன சிக்கல் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சுலபமாகச் சொல்லலாம். சேற்று வயலில் டிராக்டர் இறங்கும்போது சாதாரணச் சக்கரத்தோடு இறங்காது, கேஜ் வீல் மாட்டுவார்கள். பரம்படிக்கும் பலகைமேல் ஆள் நின்றாலும் பலகை புதைவதில்லை, ஆள் இறங்கினால் முழங்கால் வரை போய்விடும். பாரத்தைப் பரப்ப வேண்டும், அதே சமயம் பிடிமானமும் வேண்டும். புதுப்பனி சேற்றைவிட மோசம். மாவுபோல இருக்கும், அழுத்தினால் கீழே போய்க்கொண்டே இருக்கும். இரும்புப் பட்டை போட்டால் கனம். பல்சக்கரத்தில் பனி அப்பி இறுகிப் பட்டை நழுவும்.

பம்பார்டியர் 1935-இல் கண்ட வழி, பல்சக்கரத்துக்கே ரப்பர் உறை போட்டது. ரப்பர் வளைந்துகொடுப்பதால் பனி ஒட்டி உறைவதில்லை. பட்டையும் ரப்பர்தான், குறுக்கே இரும்புச் சட்டங்கள். முப்பது வருடம் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிட அழகான தீர்வு அதிகம் பார்த்ததில்லை. 1937-இல் காப்புரிமை கிடைத்தது. ஏழு பேர் உட்காரும் பி-7, பிறகு பன்னிரண்டு பேருக்கான பி-12. வாங்கியவர்கள் யார் தெரியுமா? டாக்டர்கள், தபால்காரர்கள், பாதிரியார்கள், ஆம்புலன்ஸ்காரர்கள். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போகப் பெரிய வண்டியும் வந்தது.

பிறகு 1948-இல் மாகாண அரசு கிராமச் சாலைகளிலும் பனி வாரச் சட்டம் போட்டது. ஊருக்கு நல்லது, இவர் வியாபாரம் சரிந்தது. சுரங்கம், எண்ணெய், காடு என்று வேறு வேலைகளுக்கு வண்டி செய்து சமாளித்தார். இளமையில் நினைத்த ஓராள் வண்டி மனதில் இருந்துகொண்டே இருந்தது. இலேசான எஞ்சினும், ஒட்டில்லாத ஒரே துண்டு ரப்பர் பட்டையும் கைக்கு வந்த பிறகு, 1959-இல் ஸ்கி-டூ வெளிவந்தது. நாய் வண்டிக்கு மாற்று என்று ஸ்கி-டாக் என்றுதான் பெயர் நினைத்திருந்தாராம். முதல் வண்டிகளில் ஒன்று, வட ஒன்டாரியோவில் பூர்வகுடி மக்களிடையே இருந்த நண்பர் மோரிஸ் உயிமே பாதிரியாரிடம் போனது. 1964-இல் ஐம்பத்தாறு வயதில் பம்பார்டியர் புற்றுநோயில் காலமானார். அதன் பிறகுதான் அந்த வண்டி காட்டுத் தீயாகப் பரவியது.

மேற்கே ராக்கி மலைகளுக்குப் போனதும் பழைய சிக்கல் திரும்ப வந்தது. அங்கே ஒரே இரவில் இடுப்பளவு பொடிப்பனி விழும். சமவெளி வண்டி அதில் குழி பறித்துக்கொண்டு புதைந்தது. மலைக்காரர்கள் தங்கள் கொட்டகைகளிலேயே வண்டியைப் பிரித்தார்கள். பின்பக்கத்தை வெட்டி நீட்டி நீளமான பட்டை மாட்டினார்கள். சுற்றளவு 121 அங்குலமாக இருந்த பட்டை இன்று மலை வண்டிகளில் 154, 165 என்று வந்துவிட்டது. பட்டையின் மேல் நிற்கும் ரப்பர்ப் பற்கள் ஒரு அங்குலத்துக்கும் குறைவாக இருந்தவை, இப்போது இரண்டரை, மூன்று அங்குலம். துடுப்புபோலப் பனியை வலிக்கும். மலைச்சரிவில் வண்டியைச் சாய்த்து ஓட்ட, முன் பலகைகளின் இடைவெளியைக் குறைத்தார்கள். கழற்ற முடிந்த கனத்தையெல்லாம் கழற்றினார்கள். கம்பெனிகள் பின்னால் வந்து அதையே செய்து விற்றன.

எஞ்சினுக்கும் வேலை இருந்தது. 3000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி முக்கால் பங்குதான். பெட்ரோல் மட்டும் அதே அளவு போனால் எஞ்சின் புகைந்து மூச்சு முட்டும். பழைய பெட்ரோல் அம்பாசிடரில் கொடைக்கானல் ஏறியவர்களுக்கு இழுவை குறைவது தெரிந்திருக்கும். கார்புரேட்டரில் சிறிய ஜெட், கிளட்ச்சில் இலேசான எடைக்கட்டிகள், தாழ்ந்த கியர் விகிதம் என்று உயரத்துக்குத் தக்கபடி மாற்றினார்கள். இப்போது கம்பெனியிலிருந்தே டர்போவோடு வருகிறது.

விளைவு, முன்பு எந்த வண்டியும் ஏறாத சரிவுகளிலெல்லாம் வண்டி ஏறியது. அந்தச் சரிவுகள்தான் பனிச்சரிவு வரும் இடங்கள். 2008 டிசம்பர் 28 அன்று பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஃபெர்னி ஊருக்கு அருகே ஸ்பார்வுட் என்ற சிறு ஊர்க்காரர்கள் பதினோரு பேர் வண்டியோடு மலையில் இருந்தார்கள். முதல் சரிவு சிலரைப் புதைத்தது. மற்றவர்கள் அவர்களைத் தோண்டிக்கொண்டிருந்தபோது அடுத்த சரிவு இறங்கியது. எட்டுப் பேர் போய்விட்டார்கள்.

இன்று மலைக்குப் போகிறவர்கள் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் சிக்னல் கருவி, குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மடக்கு மண்வெட்டி மூன்றையும் உடம்போடு வைத்துக்கொள்கிறார்கள். வண்டியில் கட்டி வைத்தால் பயனில்லை, வண்டியும் புதைந்துபோகும். ஒரு சரிவில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் ஏற வேண்டும், மற்றவர்கள் சரிவு வந்தாலும் எட்டாத இடத்தில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவர்கள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம்.