கட்டைக்குக் காவல், காட்டுக்கு? திருத்தணி எல்லையில் செம்மரத்தின் நானூறு ஆண்டுகள்

திருத்தணியிலிருந்து நகரி, புத்தூர் தாண்டினால் தொடங்கும் தெற்குக் கிழக்குத் தொடர்ச்சி மலைகள்தான் செம்மரத்தின் தாயகம். சேஷாசலம், பாலகொண்டா, வெலிகொண்டா, அவற்றை ஒட்டிய தமிழக எல்லைக் குன்றுகள் சில: உலகில் வேறெங்கும் அது காட்டு மரமாக இல்லை. நடப்பட்ட தோப்புகள் வேறு கதை.

இந்தக் குறுகிய பரப்புக்குக் காரணம் மண். குவார்ட்சைட், ஷேல் பாறைகள் சிதைந்த சரளையில், மண்ணே இல்லை என்று சொல்லத்தக்க சரிவுகளில், வெயிலைத் தாங்கி நிற்கும் மரம் இது. வளர்ச்சி மிக மெதுவானது. வைரம் பாய்வதற்கே பல ஆண்டுகள் பிடிக்கும். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும் என்பது அதன் பலம். ஆனால் விலை போவது வைரம்தான். தழைத்த கிளை வைரம் பாய்வதற்குள் ஒரு தலைமுறை போய்விடும். அதே சரிவுகளில் தம்பக மரமும், தாவரவியலாளர் பெடோமின் பெயர் தாங்கிய சைக்கஸ் செடியும் வாழ்கின்றன. அவையும் இந்த மலைகளுக்கே உரியவை.

முதலில் இம்மரத்தைத் தேடி வந்தது சாயத் தொழில். 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்கள் துணியோடு செம்மரக் கட்டையையும் ஏற்றுமதி செய்தார்கள்; ஆங்கிலக் கம்பெனியும் அதே வழியில் வந்தது. கட்டையைத் தூளாக்கினால் கிடைக்கும் சாண்டலின் என்ற சாயப்பொருள் ஐரோப்பாவின் கம்பளித் துணிக்குச் சிவப்பேற்றியது. 1856இல் பெர்கின் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தபின் இந்தச் சந்தை மெல்லச் சரிந்தது. காட்டுக்கு வாய்த்த முதல் ஓய்வு ஒரு ரசாயனக் கூடத்திலிருந்து வந்தது. எந்தச் சட்டமும் தந்ததல்ல. உள்ளூரில் மரப்பாச்சிக்கும் மருந்துக்கும் எடுத்த அளவு காட்டை வருத்தக்கூடியதல்ல.

சட்டம் 1882இல் வந்தது. சென்னை வனச் சட்டம் அரசுக் காடுகளைக் காப்புக்காடுகளாக்கியது. திருத்தணி அப்போது வட ஆர்க்காட்டில், கார்வேட்டிநகரம் ஜமீனில் இருந்தது. ஜமீன் காடுகளுக்கு அதே கட்டுப்பாடு உடனே வந்துவிடவில்லை. காப்புக்காடு என்றாலும் நோக்கம் வருவாய்தான்: எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை எந்தக் கூறில் வெட்டுவது என்பதே வனத்துறையின் கேள்வி.

1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது திருத்தணி அதற்குள் போனது; பின்னர் ஆந்திரம் தனி மாநிலமானபோது அந்த மாவட்டத்தோடு ஆந்திரத்தில் சேர்ந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய எல்லைப் போராட்டம், எல்லை நடுவர் படாஸ்கரின் தீர்ப்பு, அதையொட்டிய 1959ஆம் ஆண்டுச் சட்டம் ஆகியவற்றின் வழியே 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. எல்லை மொழியைப் பார்த்துப் போடப்பட்டது, அது நியாயமே. ஆனால் செம்மரக் காட்டின் பெரும்பகுதி அந்தப் பக்கமும், அதை வெட்டப் போகும் கைகள் பலவும் இந்தப் பக்கமும் என்றானது அதன் பக்க விளைவு. இதை எல்லைப் போராட்ட வரலாறு எழுதியவர்கள் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் சந்தை கிழக்குப் பக்கம் திரும்பியது. ஜப்பானில் ஷாமிசென் என்ற நரம்பிசைக் கருவியின் கழுத்துக்கு இந்த மரமே உயர்ந்தது. சீனாவில் மிங், சிங் அரச காலத்துச் செம்மர அறைகலன் மோகம் புதுப் பணத்தோடு மீண்டது. பெய்ஜிங்கில் 1999இல் இதற்கென ஓர் அருங்காட்சியகமே திறந்தார்கள். 1995இல் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் செம்மரம் ஏறியது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐ.யூ.சி.என். அதை அருகிவரும் இனம் என்று 1998இல் வகைப்படுத்தி, 2018இல் இரண்டு படி தளர்த்தி, 2021இல் பழைய இடத்துக்கே கொண்டுவந்தது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலத்தில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரக் காவல்துறை சுட்டதில் தமிழர்கள் 20 பேர் இறந்தனர். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக் கூலிகள். தற்காப்பு என்றது காவல்துறை. போலி மோதல் என்றன மனித உரிமை அமைப்புகள். கட்டையை வாங்கியவர் எவரும் அந்தக் காட்டில் இல்லை.

மரத்தை மட்டுமல்லாமல் காட்டையே காப்பது எப்படி என்று பார்க்க ஓர் ஒப்பீடு இங்கே உதவும். மத்தியதரைக் கடலைச் சுற்றிய மலைகளில் சுண்ணாம்புப் பாறைமேல் கருப்புப் பைன் காடுகள் உள்ளன. ஐரோப்பிய ஒன்றியம் 1992இல் வாழிடங்களுக்கான ஆணையை இயற்றியபோது, பைன் மரத்தை மட்டும் பட்டியலிடாமல் அந்தக் காட்டையே முன்னுரிமை வாழிடமாகக் குறித்தது. நம்மிடமும் 1989இல் ஸ்ரீவெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவும் 2010இல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமும் வந்தன. ஆனாலும் செம்மரம் என்றதும் நாம் பேசுவது பிடிபட்ட கட்டைகளின் டன் கணக்கைத்தான். தம்பகத்தையும் சைக்கஸையும் பற்றி எந்தச் செய்தித்தாள் எழுதுகிறது?

மாற்றம் வயலிலிருந்து வருகிறது. பட்டா நிலத்தில் வளர்த்த செம்மரத்தை ஏற்றுமதி செய்ய 2019இல் விதிகள் தளர்ந்தன. 2025இல் தேசியப் பல்லுயிர் ஆணையம் திருவள்ளூர் மாவட்டத்து 8 ஊர்களைச் சேர்ந்த 18 செம்மர விவசாயிகளுக்குப் பயன்பகிர்வாக 55 லட்சம் ரூபாய் வழங்கியது. திருத்தணியும் இதே மாவட்டம்தான். தோப்பு மரம் சந்தையின் பசியைத் தணித்தால் காட்டு மரம் பிழைக்கலாம். ஆனால் தோப்பு காடாகிவிடாது. அந்தச் சரளைச் சரிவுக்கென்று தனிக் காவல் வேண்டும், இரு மாநில வனத்துறைகளும் சேர்ந்து அதைச் செய்ய வேண்டும்.