பீப்பாய்க்குள் ஒரு டீச்சர்

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நயாகராவில் உயிரைப் பணயம் வைத்து வித்தை காட்டுவது பழைய கதை. 1859இல் பிரான்ஸ் நாட்டு பிளாண்டின் அருவிக்குக் கீழே உள்ள பள்ளத்தாக்கின் குறுக்கே கயிறு கட்டி நடந்தார். 1886இல் பீப்பாய் செய்யும் தொழிலாளியான கார்லைல் கிரஹாம் அருவிக்குக் கீழே சீறும் சுழல்களைப் பீப்பாயில் கடந்தார். ஆனால் அருவியின் உச்சியிலிருந்தே பீப்பாயோடு விழுந்து முதன்முதலில் உயிர் பிழைத்தவர் யார் தெரியுமா? பயில்வான் அல்ல, சர்க்கஸ்காரரும் அல்ல. ஆன்னி எட்சன் டெய்லர் என்ற டீச்சர்!

1838இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். ஒரே குழந்தை பச்சிளம் பருவத்திலேயே இறந்துவிட்டது. சிறு வயதிலேயே கணவரையும் இழந்தார். பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தார். பிறகு நடனம், இசை என்று கற்பித்தபடி வேலை தேடி ஊர் ஊராக, மெக்சிகோ நகரம் வரை போனார். வயது அறுபதைத் தாண்டியபோது கையில் சேமிப்பு இல்லை. தாங்கிப் பிடிக்கப் பிள்ளையும் இல்லை. ஏழைகள் விடுதியில் போய்ச் சாக வேண்டியிருக்குமோ என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது.

1901இல் நயாகராவுக்குப் பக்கத்தில் பஃபலோ நகரில் பெரிய பொருட்காட்சி நடந்தது. கூட்டம் அலைமோதியது. இந்தச் சமயத்தில் அருவியில் விழுந்து பிழைத்தால் பெயரும் பணமும் வரும், கடைசிக் காலம் கவலையில்லாமல் போகும் என்று கணக்குப் போட்டார்.

ஓக் மரமும் இரும்புப் பட்டையும் கொண்டு பீப்பாய் செய்யச் சொன்னார். உள்ளே மெத்தை. நிமிர்ந்து மிதப்பதற்காக அடியில் கொல்லன் பட்டறையில் இருக்கும் பட்டடைக் கல். முதலில் ஒரு பூனையை வைத்து அனுப்பிப் பார்த்தார், அது பிழைத்தது. அக்டோபர் 24, அவருடைய 63ஆவது பிறந்தநாள். பத்திரிகைகளிடம் நாற்பதுகளில் இருப்பதாகத்தான் சொல்லியிருந்தார். மூடியை இறுக்கி, சைக்கிள் பம்பால் காற்றடித்து, துளையைத் தக்கையால் அடைத்து ஆற்றில் விட்டார்கள். 160 அடிக்கு மேல் உயரமான குதிரை லாட அருவியில் பீப்பாய் விழுந்தது. வெளியே எடுத்தபோது தலையில் சின்ன வெட்டுக்காயம், அவ்வளவுதான். இனி யாரும் இதைச் செய்யாதீர்கள் என்று அவரே எச்சரித்தார்.

யார் கேட்டார்கள்? 1911இல் பாபி லீச் இரும்புப் பீப்பாயில் விழுந்து, முழங்கால்களும் தாடையும் உடைந்து மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அப்படிப் பிழைத்த மனிதர் 1926இல் நியூசிலாந்தில் ஆரஞ்சுத் தோல் வழுக்கி விழுந்து, அந்தக் கால் காயத்தாலேயே இறந்தார். 1920இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர முடிதிருத்துநர் சார்லஸ் ஸ்டீபன்ஸ் காலில் பட்டடைக் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கினார். கிடைத்தது ஒரு கை மட்டுமே. 1930இல் ஜார்ஜ் ஸ்டாதாகிஸின் பீப்பாய் உடையவில்லை. ஆனால் அருவித் திரைக்குப் பின்னால் பல மணி நேரம் சிக்கி அவர் மூச்சுத் திணறி இறந்தார். அவரோடு போன ஆமை பிழைத்தது!

நம் டீச்சருக்குப் பணம் வந்ததா? இல்லை. மேனேஜரே பீப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார். அதைத் தேட வைத்த துப்பறிவாளர்களுக்கே கையிலிருந்த காசில் பெரும்பகுதி போனது. பிறகு நயாகராவில் தபால் அட்டை விற்றுக் காலம் தள்ளினார். 1921 ஏப்ரல் 29 அன்று, 82 வயதில், ஏழைகளுக்கான அரசு விடுதியில் இறந்தார். எதற்குப் பயந்து அருவியில் குதித்தாரோ, அதுவே கடைசியில் நடந்தது. கிரஹாமின் கல்லறைக்கு அருகில்தான் அவருடைய கல்லறையும் இருக்கிறது.

அவரைச் சாகசக்காரர் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எனக்கு மாதம் பிறந்தால் பென்ஷன் வந்துவிடுகிறது. அதனால் நிம்மதியாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவருக்கு அது இருந்திருந்தால் அந்தப் பீப்பாய்க்குள் நுழைந்திருப்பாரா?

உங்களுக்குப் பாடம் சொன்னவர்களில் பென்ஷன் இல்லாத டியூஷன் டீச்சர், தனியார் பள்ளி டீச்சர், பாட்டு டீச்சர் இருப்பார்கள். நான் நன்றாக இருக்கிறேன். எனக்குப் பதில் எழுதும் நேரத்தில் அவர்களில் ஒருவருக்கு போன் போட்டு, எப்படி இருக்கிறீர்கள் என்று கேளுங்கள்.