உள்ளே போன தண்ணீர் எங்கே?

பெரும்பாட்டுக்கு மருந்து கேட்கவில்லை என்றால் முன்பெல்லாம் கர்ப்பப்பையையே எடுத்துவிடுவார்கள். பிறகு வயிற்றைக் கிழிக்காமல், கீழ்வழியாகக் குழாய்க் கருவியை விட்டு, உள்சவ்வை மட்டும் வழித்தெடுக்கும் முறை வந்தது. பல ஆண்டுகள் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்தவள் நான். அந்த முறையோடு கூடவே வந்த ஓர் ஆபத்தின் வரலாற்றை இன்று எழுதுகிறேன்.

கதை ஆண்களிடம் தொடங்குகிறது. ப்ராஸ்டேட் சுரப்பியைச் சிறுநீர்ப் பாதை வழியாக, மின்சாரம் பாயும் கம்பி வளையத்தால் சீவி எடுப்பார்கள். ரத்தம் மறைக்காமல் இருக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வெறும் தண்ணீர் அறுபட்ட நாளங்கள் வழியே ரத்தத்தில் கலந்தால் சிவப்பணுக்கள் வெடித்துவிடும். அப்படி நேர்ந்த ஒரு மரணத்தை அமெரிக்காவின் மினியாபொலிஸில் டாக்டர் க்ரீவி 1947-இல் எழுதினார்.

சலைன் விடலாமே என்பீர்கள். உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும், கம்பி வெட்டாது. அதனால் 1948-இல் மிச்சிகனில் நெஸ்பிட்டும் க்ளிக்மனும் கிளைசின் கரைசலைக் கொண்டுவந்தார்கள். அணுக்கள் வெடிப்பது நின்றது. ஆனால் அதுவும் அதிகம் உள்ளே போனால் ரத்தத்தில் சோடியம் குறைந்து மூளை வீங்கும். குமட்டல், குழப்பம், வலிப்பு என்று போகும்.

1983-இல் யேல் பல்கலைக்கழகத்தின் டிசெர்னியும் போலனும் அதே வளையக் கருவியைக் கர்ப்பப்பைக்குப் பயன்படுத்தியதை வெளியிட்டார்கள். பின்னர் கிளைசினும் அங்கே பரவலாயிற்று. கர்ப்பப்பையின் சுவர் தடிமனானது, உள்ளே ஒட்டிக் கிடப்பது. அழுத்தம் கொடுத்தால்தான் விரியும். அந்த அழுத்தமே நீரை நாளங்களுக்குள் தள்ளும். மாதவிலக்கு நிற்காத வயதுப் பெண்களுக்குச் சோடியம் குறைந்தால் மூளை பாதிப்பும் கடுமை. 1993-இல் அரீஃப், ஆயுஸ் என்ற இரு மருத்துவர்கள் இந்தச் சிகிச்சையில் நேர்ந்த மரணத்தைப் பதிவு செய்தார்கள். ஆண்களிடம் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்ட எச்சரிக்கை, பெண்களிடம் மறுபடியும் உயிர் கொடுத்துக் கற்க வேண்டியதாயிற்று.

தடுக்கும் வழியோ வெறும் கழித்தல் கணக்கு. உள்ளே விட்டது எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவு? துணியில் ஊறியதையும் தரையில் சிந்தியதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கிளைசின் 1 லிட்டர் குறைந்தால் சோடியம் சுமார் 10 அலகு இறங்கும். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஸ்வீடனில் கரைசலில் சிறிது ஆல்கஹால் கலந்து, நோயாளியின் மூச்சை ஊதிப் பார்த்தே எவ்வளவு உள்ளே போயிற்று என்று கண்டார்கள்!

இப்போது சலைனிலேயே வேலை செய்யும் இருமுனைக் கருவிகள் உண்டு. அதிலும் 2.5 லிட்டர்தான் எல்லை. மிஞ்சினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். உங்கள் மகளுக்கோ மருமகளுக்கோ இந்தச் சிகிச்சை என்றால், "தண்ணீர்க் கணக்கை யார் பார்ப்பார்கள்?" என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.