பேறுகால அறையின் வாசலில்: முத்துக்குளித்துறை வரலாற்றிலிருந்து ஒரு சிந்தனை

வரலாறு என்றதும் மன்னர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. முத்துக்குளித்துறையின் வரலாறு என்றாலோ, போர்த்துக்கீசியரின் மரக்கலங்கள், முத்துச் சலாபங்கள், ஏழு கடற்றுறைகள், பனிமய அன்னையின் தங்கத்தேர் என்று எண்ணத் தொடங்கிவிடுவோம். மூச்சடக்கிக் கடலுக்குள் மூழ்கிய ஆடவரின் கதையைப் பலரும் எழுதியுள்ளனர். கரையில், குடிசையின் இருண்ட மூலையில், உயிரைப் பணயம் வைத்துப் பிள்ளை பெற்ற தாய்மாரின் கதையை எழுதியவர் சிலரே. மூழ்கியவர் மீண்டு வருவாரா என்று தோணியில் இருந்தோர் கயிற்றைப் பற்றிக் காத்திருந்ததைப் போலவே, பேறுகால அறையின் வாசலிலும் வீட்டார் காத்திருந்தனர். அவர்கள் கையில் பற்றிக்கொள்ளக் கயிறும் இல்லை.

இந்தக் கரையில் திருச்சபை அந்த வாசலுக்கு எப்போது வந்தது? வந்தபோது எதைக் கொண்டு வந்தது? இவ்விரு கேள்விகளுக்கும் விடை தேடினால், பெற்றோராகப் போகும் நம் இளையோருக்கு இன்று நாம் செய்ய வேண்டிய கடமை ஒன்றும் தெளிவாகும்.

மூன்று நாள் பேற்றுவலி

1542-ஆம் ஆண்டு மே மாதம் கோவாவில் வந்திறங்கிய புனித பிரான்சிஸ் சவேரியார், அதே ஆண்டின் பிற்பகுதியில் நம் கரைக்கு வந்தார். பரதவ மக்கள் 1530-களின் நடுவிலேயே திருமறையைத் தழுவியிருந்தனர். ஆயினும் அவர்களுக்கு மறையைக் கற்பிக்க ஆளில்லை. அவ்வாண்டு அக்டோபர் 28-ஆம் நாள் தூத்துக்குடியிலிருந்து உரோமையில் இருந்த இஞ்ஞாசியாருக்குச் சவேரியார் ஒரு மடல் வரைந்தார். இக்கரையைப் பற்றிய அவருடைய முதல் மடலாகிய அதில் ஒரு பிரசவம் இடம்பெற்றிருப்பதை நம்மில் பலர் கவனித்திருக்க மாட்டோம்.

வழியில் கிறிஸ்தவர் ஒருவரும் இல்லாத ஓர் ஊரை அவர் அடைந்தார். காயல்பட்டினத்தை அடுத்த கொம்புத்துறையே அவ்வூர் என்பர். அங்கு ஒரு பெண் மூன்று நாட்களாகப் பேற்றுவலியால் துடித்துக்கொண்டிருந்தாள். அவள் பிழைப்பாள் என்ற நம்பிக்கையைப் பலரும் கைவிட்டிருந்தனர். இந்நாட்டு மொழி அறிந்த உடனாளர் ஒருவரை அழைத்துக்கொண்டு சவேரியார் அவ்வீட்டிற்குள் சென்றார். விசுவாசப் பிரமாணத்தை எடுத்துரைத்தார். அவள் ஏற்றுக்கொள்ளவே திருமுழுக்கு அளித்தார். உடனே அவளுக்கு நலமாகப் பிள்ளை பிறந்தது. பின்னர் கணவனும் மக்களும் அன்று பிறந்த சிசுவும் திருமுழுக்குப் பெற்றனர். செய்தி ஊரெங்கும் பரவி, ஊரே திருமறைக்குள் வந்தது.

அத்தாயின் பெயரை மடல் குறிப்பிடவில்லை. இருந்தும் ஒன்றை நாம் மறக்கலாகாது. நம் கரையின் ஓர் ஊரில் நற்செய்தி சந்தையின் வழியாகவோ அரசனின் அவை வழியாகவோ நுழையவில்லை. துன்புற்ற ஒரு தாயின் பேறுகால அறை வழியாகவே நுழைந்தது.

மருத்துவச்சி கற்ற முதற்பாடம்

அதன்பின் என்ன நடந்தது? 1544-ஆம் ஆண்டில் தம் உடனுழைப்பாளர் மான்சிலாசுக்குச் சவேரியார் எழுதிய மடல்களில், ஊர் ஊராகச் சென்று பிறந்த குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளிக்குமாறு மீண்டும் மீண்டும் வற்புறுத்துகிறார். பிறக்கும் குழந்தைகளில் எத்தனையோ பேர் சில நாட்களிலேயே மறைந்துபோன காலம் அது. அவர்களுடைய ஆன்மாவைப் பற்றிய கவலையே அவ்வரிகளுக்குப் பின்னே நிற்கிறது.

அக்கவலை பின்னர்த் திருச்சபை முழுவதற்கும் விதியாயிற்று. 1614-ஆம் ஆண்டு வெளிவந்த உரோமைச் சடங்குநூல், விசுவாசிகள், சிறப்பாக மருத்துவச்சிகள், திருமுழுக்கு அளிக்கும் சரியான முறையை அறிந்திருக்கப் பங்குக்குரு பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பணித்தது. 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டமும் இதையே மருத்துவர்களையும் சேர்த்து உரைத்தது. உயிருக்குப் போராடும் சிசுவின் தலையில் நீர் ஊற்றி மூவொரு இறைவனின் பெயரைச் சொல்ல, எழுத்தறியாத மருத்துவச்சியும் கற்றிருக்க வேண்டும். ஆண்கள் எவரும் நுழையாத அறைக்குள் அவளே திருச்சபையின் கரமாக விளங்கினாள்.

இது பெரிய பொறுப்பு. அதே வேளையில் நம்மைச் சிந்திக்க வைப்பதும் ஆகும். குழந்தை இறக்கும் தறுவாயில் என்ன செய்வது என்பதை மருத்துவச்சிக்குக் கற்பிக்கச் சட்டம் இருந்தது. குழந்தை இறவாமல் இருக்க என்ன செய்வது, தாய்க்கு இரத்தப்போக்கு மிகுந்தால் என்ன செய்வது, கையையும் கத்தியையும் எவ்வாறு தூய்மை செய்வது என்பவற்றைக் கற்பிக்க அத்தகைய ஏற்பாடு நெடுங்காலம் இல்லை. நோயுற்றோர்பால் திருச்சபைக்கு அன்பு இல்லாமலில்லை. தமிழ் அச்சுக்கலையின் தந்தையெனப் போற்றப்படும் அன்றிக் அடிகளார், 16-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே புன்னைக்காயலில் ஒரு மருத்துவமனையை ஏற்படுத்தியவர். ஆனால் பேறுகால அறையின் கதவு மட்டும் மூடியே கிடந்தது.

தாமதமாகத் திறந்த கதவு

கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில், அமெரிக்க மிஷன் மருத்துவரான சாமுவேல் பிஷ் கிறீன், தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் துணிந்து, 1857-ஆம் ஆண்டில் 'பிரசவ வைத்தியம்' என்னும் நூலை வெளியிட்டார். நம் மாவட்டத்து நாசரேத்தில் ஆங்கிலிக்கன் சபையினர் 1870-ஆம் ஆண்டில் மருத்துவப் பணியைத் தொடங்கினர். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார், ஆண் மருத்துவரை அனுமதிக்காத வீடுகளில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பேற்றில் இறந்ததைக் கண்டு, தாமே மருத்துவம் கற்று, 1900-ஆம் ஆண்டில் பணியைத் தொடங்கினார். பிற சபைச் சகோதரர் செய்த இந்நற்பணியை நன்றியுடன் நினைவுகூர்வது நம் கடமை.

அந்நாளில் கத்தோலிக்கக் கன்னியர் நோயாளரைப் பேணினர், அனாதைகளை வளர்த்தனர். பிள்ளைப்பேறு பார்க்க மட்டும் அவர்களுக்கு அனுமதி இல்லை. கற்பு வார்த்தைப்பாடு கொண்டோர்க்கு அப்பணி பொருந்தாது என்பது அக்காலக் கருத்து. இதனால் மிகுதியும் துன்புற்றவர் இந்தியத் தாய்மாரே. பல குடும்பங்களில் ஆண் மருத்துவர் உள்ளே வர முடியாது. பெண் மருத்துவரோ அரிது. உள்ளே வரக்கூடிய கன்னியர்க்கோ தடை.

இத்தடையை அகற்றப் போராடியவர்களும் பெண்களே. ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவரான ஆக்னஸ் மக்லாரன் அம்மையார், முதிர்ந்த வயதில் ராவல்பிண்டிக்கு வந்து பெண்களுக்கு மருத்துவமனை அமையச் செய்து, கன்னியர்க்கு அனுமதி வேண்டி உரோமைக்குப் பலமுறை விண்ணப்பித்தார். அவர் காட்டிய வழியில் வந்த ஆஸ்திரிய நாட்டு அன்னா டெங்கல், அதே ராவல்பிண்டியில் பணியாற்றி, 1925-ஆம் ஆண்டில் மருத்துவப்பணிச் சகோதரிகள் சபையை நிறுவினார். ஆஸ்திரேலிய மருத்துவரான மேரி குளோரி 1920-ஆம் ஆண்டில் குண்டூருக்கு வந்து கன்னியர் சபையில் சேர்ந்து, திருத்தந்தையின் தனி அனுமதியுடன் தாய்மார்க்கும் குழந்தைகட்கும் மருத்துவம் செய்தார். உள்ளூர்ப் பெண்களைச் செவிலியராகவும் மருத்துவச்சியராகவும் பயிற்றுவித்தார். நாடெங்கும் பரந்த கத்தோலிக்க மருத்துவமனைச் சங்கம் 1943-ஆம் ஆண்டில் அவருடைய முயற்சியால் பிறந்ததே.

1936-ஆம் ஆண்டு பிப்ரவரி 11, லூர்து அன்னையின் திருநாளன்று, உரோமை இத்தடையை நீக்கிற்று. மறைபரப்பு நாடுகளில் கன்னியர் மருத்துவமும் பேறுகால மருத்துவமும் கற்றுப் பணியாற்றலாம் என்று அனுமதித்ததுடன், அதனை ஊக்குவிக்கவும் செய்தது. ஆயர் பிரான்சிஸ் திபுர்சியுஸ் ரோச் அவர்களின் தலைமையில் தூத்துக்குடி மறைமாவட்டம் 1923-ஆம் ஆண்டில் உருவாகி, அப்போது ஏறத்தாழ 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. கொம்புத்துறை வீட்டிற்குள் சவேரியார் நுழைந்த நாளிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ 393 ஆண்டுகள். அறிவு இருந்தும், அன்பு இருந்தும், அவை உரிய நேரத்தில் வாசலைத் தாண்டாவிட்டால் உயிர்கள் போகும் என்பதே இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம்.

பாட்டிமாரின் அறிவும் இன்றைய அறிவும்

மூடிய கதவுக்குள் நம் பாட்டிமார் வெறுங்கையுடன் இருந்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. அவர்கள் வழக்கங்களில் போற்றத்தக்கவை பல. பெற்ற தாய்க்கு நாற்பது நாள் ஓய்வு தந்தனர். நாற்பதாம் நாள் மரியன்னை கோவிலுக்குச் சென்றதை நினைவூட்டும் தாய்மார் ஆசீர், பழைய வழிபாட்டில் தனிச் சடங்காகவே இருந்தது. தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு அனுப்பியதும் அவளுக்கு அரவணைப்பாயிற்று.

நம் கடல் தந்த சங்கும் இங்கு நினைவுகூரத்தக்கது. சிறு சங்கில் பாலெடுத்துக் குழந்தையின் வாயில் மெல்லப் புகட்டுவது தமிழ்நாட்டின் பழைய வழக்கம். எடை குறைந்து பிறந்து, மார்பைச் சப்ப வலிமையற்ற குழந்தைக்குத் தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடையால் புகட்டுமாறு இன்றைய மருத்துவரும் கூறுகின்றனர். பால்புட்டியை வேண்டாம் என்கின்றனர். சங்கின் வடிவம் பாலாடையில் வாழ்கிறது. கொதிநீரில் தூய்மை செய்தல் என்ற ஒன்றை மட்டும் புதிய அறிவு சேர்த்தது.

கைவிட வேண்டியவையும் உண்டு. பிறந்தவுடன் சேனை தொட்டு வைப்பதும், சர்க்கரைத் தண்ணீர் தருவதும், கல்லில் உரைத்த மருந்து புகட்டுவதும் நோய்க்கிருமிக்கு வாசல் திறப்பனவாகும். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் ஆகாது. மஞ்சள் நிறச் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சி எறிவது, குழந்தைக்கு இறைவன் தந்த முதல் தடுப்பு மருந்தை எறிவதாகும். தொப்புள்கொடியில் சாம்பலோ எண்ணெயோ எதுவும் பூசாமல் உலர விடுவதே போதும். பால் ஊறப் பால்சுறா தரும் வழக்கம் நம் கரையில் உண்டு. சுறா வகைகளில் பாதரசம் சேர்வதால், கருவுற்றோரும் பாலூட்டுவோரும் சாளை, நெத்திலி போன்ற சிறுமீன்களை உண்பதே நலம். பாலைப் பெருக்குவது குழந்தை அடிக்கடி சப்புவதே.

இன்று நம் பங்கு

இன்று தமிழ்நாட்டில் கதவு அகலத் திறந்திருக்கிறது. 2019-21-ஆம் ஆண்டுகளின் தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நூற்றுக்கு 99-க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையிலேயே நடந்தன. எனினும் அதே ஆய்வு வேறு இரு செய்திகளையும் சொல்கிறது. கருவுற்ற பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இரத்தசோகை. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் நூற்றுக்கு 60 மட்டுமே. ஆக, குறை இப்போது மருத்துவமனையின் தொலைவில் மட்டும் இல்லை. அடுக்களையிலும் திண்ணையிலும், மாமியாரும் கணவனும் சொல்லும் சொல்லிலும் இருக்கிறது.

எனவே, பெற்றோராகப் போவோர் அறிய வேண்டியவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். கருவுற்றது தெரிந்தவுடன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யவேண்டும். குறைந்தது நான்கு முறையேனும் பரிசோதனைக்குச் செல்லவேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைக் குறைந்தது 180 நாட்களாவது தவறாது உட்கொள்ளவேண்டும். அதைத் தேநீருடன் விழுங்குதல் ஆகாது. உப்பளத்தில் வெயிலில் உழைக்கும் பெண்ணுக்கு நிழலும் நீரும் ஓய்வும் மருந்தைப் போலவே இன்றியமையாதவை. இரத்தப்போக்கு, கடுந்தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குதல், வலிப்பு, காய்ச்சல், வயிற்றில் குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108 வண்டியை அழைக்கவேண்டும்.

பிறந்த குழந்தையை உடனே தாயின் மார்போடு சேர்த்து வைக்கவேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். நம் கரையின் கோடையிலும் தண்ணீர் தேவையில்லை. ஆறு மாதத்திற்குப் பின் மசித்த உணவுடன் இரண்டு ஆண்டுகள் வரையிலோ அதற்கு மேலுமோ பாலூட்டலாம். முதல் நாளிலேயே குளிப்பாட்டுதல் வேண்டாம். தடுப்பூசிகள் பிறந்த அன்றே தொடங்கி, 6, 10, 14-ஆம் வாரங்களிலும் 9-ஆம் மாதத்திலும் தொடர்கின்றன. பால் குடிக்க மறுக்கும் சிசு, உடல் சில்லிட்ட சிசு, மூச்சிரைக்கும் சிசு ஆகியோரைத் தாமதமின்றி மருத்துவரிடம் கொண்டு செல்லவேண்டும். பெற்ற தாய் காரணமின்றி அழுதாலும் உறங்காமல் ஒடுங்கிக் கிடந்தாலும், கண்ணேறு என்றும் பிடிவாதம் என்றும் சொல்லி விட்டுவிடாதீர்கள். அதுவும் மருத்துவம் வேண்டும் நோயே.

தந்தையர்க்கும் ஒரு சொல். கடலுக்குச் செல்பவரும் துறைமுகத்தில் சுமை இறக்குபவரும் களைத்துத்தான் வீடு திரும்புகின்றனர். ஆயினும் பரிசோதனை நாளில் மனைவியோடு உடன் செல்வதும், மாத்திரை உட்கொண்டாளா என்று கேட்பதும், இரவில் அழும் குழந்தையைத் தோளில் ஏந்துவதும் தந்தையின் கடமைகளே. கருவுற்ற மரியாவுடன் நெடும்பயணம் சென்ற சூசையப்பரை நம் காவலராகக் கொண்டாடுவோருக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பங்குகள் செய்யக்கூடியதும் உண்டு. திருமணத் தயாரிப்பு வகுப்பில் இளையோரைச் சந்திக்கிறோம். பின்னர்த் திருமுழுக்குத் தயாரிப்பில் பெற்றோரைச் சந்திக்கிறோம். இடையே உள்ள அந்தப் பத்து மாதங்களில்தான் யாரும் அவர்களைச் சந்திப்பதில்லை. ஒவ்வோர் அன்பியத்திலும் விவரமறிந்த தாய் ஒருவர், ஊர்ச் செவிலியரோடு தொடர்பு கொண்டு, தம் பகுதியில் கருவுற்ற பெண்களை மாதம் ஒருமுறை வீடு சென்று பார்த்தால் போதும். அன்று மருத்துவச்சிக்குத் திருமுழுக்கு முறையைக் கற்பித்த திருச்சபை, இன்று அன்பியத் தாய்க்கு ஆபத்தின் அறிகுறிகளைக் கற்பிக்கட்டும். ஒன்று ஆன்மாவைக் காத்தது. மற்றது உயிரையும் சேர்த்துக் காக்கும்.

எலிசபெத்து முதிர்ந்த வயதில் கருவுற்றாள் என்று கேட்டதும், மரியா விரைந்து மலைநாட்டிற்குச் சென்றார். ஏறத்தாழ மூன்று மாதம் அவரோடு தங்கினார் என்கிறார் லூக்கா. தங்கியிருந்த நாட்களில் என்னென்ன செய்தார் என்று நற்செய்தியாளர் எழுதவில்லை. நீர் மொண்டிருப்பார், அப்பம் சுட்டிருப்பார், எலிசபெத்தை ஓய்வெடுக்கச் சொல்லியிருப்பார் என்று நாம் எண்ணிப் பார்க்கலாம். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு 5 அன்று அந்த அன்னையின் திருநாளுக்குக் கூடும் நம் கரை மக்கள், அண்டை வீட்டுக் கர்ப்பிணியின் வாசலுக்கும் ஒருமுறை சென்று வருவார்களாக.