மரியென்தால் ஆராய்ச்சி: எண்ணும் சொல்லும்

சமுதாய ஆராய்ச்சி செய்வோர் நெடுங்காலம் இரு திறத்தினராய் நின்றனர். எண்ணிக் கணக்கிடுவதே அறிவியல் என்றனர் ஒரு சாரார். மக்களோடு பழகி அவர்தம் வாழ்வை விரித்துரைத்தலே உண்மை காட்டும் என்றனர் மற்றொரு சாரார். இவ்விரு நெறிகளையும் ஒரே திட்டத்தில் இணைத்த முன்னோடி முயற்சிகளுள் ஒன்று ஒஸ்திரியாவின் மரியென்தாலில் நிகழ்ந்ததாகும்.

மரியென்தால் வியன்னா நகருக்குத் தென்கிழக்கேயுள்ள ஓர் ஆலைக் குடியிருப்பு. அதன் நெசவாலை 1929-30இல் மூடப்படவே, அங்கு வாழ்ந்த 478 குடும்பங்களுள் மிகப் பெரும்பாலானவை உழைப்பூதியம் இழந்தன. 1931ஆம் ஆண்டின் இறுதியில் மரீ யாகோடா, போல் லாசர்ஸ்பெல்ட், ஹான்ஸ் சைசெல் முதலியோரின் ஆராய்ச்சி அங்கே தொடங்கிற்று. வெறும் பார்வையாளராக எவரும் செல்லலாகாது என்பது அக்குழுவின் விதி. ஆதலின் உடை வழங்கியும், மருத்துவ உதவி அளித்தும், வகுப்புகள் நடத்தியும் அவர்கள் ஊரவரோடு கலந்தனர்.

ஓய்வு மிகுந்தால் வாசிப்பும் மிகும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆயின் தொழிலாளர் நூல்நிலையத்தில், இரவற் கட்டணம் நீக்கப்பட்ட பின்னரும், 1929க்கும் 1931க்கும் இடையே நூல் இரவல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இதற்குக் காரணம் யாது? நூல்நிலையப் பதிவேடு அதனைக் கூறமாட்டாது. ஊரவர் எழுதிக் கொடுத்த நாட்பொழுதுக் குறிப்புகளே விடை தந்தன. ஆடவர் பலர் காலை முதல் நண்பகல்வரை யாது செய்தனரென நினைவுகூரவும் இயலாதிருந்தனர்.

இச்செய்தியை ஆராய்ச்சியாளர் மீண்டும் எண்ணாற் சோதித்தனர். பெருவீதியைக் கடந்து சென்றோரை அவர்கள் மறைவாக நோக்கியபோது, 68 ஆடவருள் 39 பேர் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தடவைகள் நின்றனர்; 50 பெண்டிருள் மூவரே அவ்வாறு நின்றனர். பெண்டிர்க்கு வீட்டுவேலை இருந்தது. ஆடவர்க்கோ பொழுதுக்கு வரம்பு வகுத்த தொழிலே போயிற்று.

இனி, இல்லந்தோறும் சென்று கண்டவற்றைக் கொண்டு குடும்பங்களை மனந்தளராதோர், ஆசையடங்கியோர், நம்பிக்கையிழந்தோர், செயலற்றோர் என நால்வகையாகப் பிரித்தனர். பின்னர் வயது, பால் வேறுபாட்டிற்கேற்ப அவர்தம் தலா மாதவருமானத்தைக் கணித்தபோது, அது முறையே 34, 30, 25, 19 சிலிங்காக இறங்கிற்று. ஒரு சில சிலிங்குகளின் குறைவு மனவுறுதியின் தேய்வோடு ஒத்துச் சென்றமை இதனாற் புலனாயிற்று. வேலையின்மை மக்களைக் கிளர்ச்சிக்குத் தூண்டும் என்ற எண்ணமும் இவ்வூரைப் பொறுத்தவரை பொய்த்தது. அது அவர்களைச் சோர்வுக்கே உள்ளாக்கியது.

1933இல் இந்நூல் செர்மனியில் வெளிவந்தபோது, ஆசிரியர் யூதராதலின் அவர்தம் பெயர்கள் தலைப்பேட்டில் இடம்பெறவில்லை. எனினும் அவர் வகுத்த நெறி நிலைத்தது. எண்ணையும் சொல்லையும் அருகருகே குவித்தலால் மட்டும் ஆராய்ச்சி சிறவாது; ஒன்று எழுப்பும் வினாவுக்கு மற்றொன்று விடை தேடுமாறு தொடக்கத்திலேயே திட்டமிடுதல் வேண்டும். மரியென்தால் தரும் பாடம் இதுவேயாகும்.